எல்லை தாண்டிய ஊறுகாய் ஜாடி

சொந்த ஊர் சித்தூர் என்று சொன்னால், நம்மவர்கள் கூடும் இடங்களில் உடனே வரும் அடுத்த கேள்வி, "பாலக்காட்டுச் சித்தூரா?" என்பதுதான். இல்லை, ஆந்திரத்துச் சித்தூர், திருப்பதிக்குப் பக்கம் என்று விளக்கினால், "அப்படியானால் நீங்கள் தெலுங்கா?" என்பார்கள். எழுபத்தேழு வயதாகிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியே பாதி வயது போய்விட்டது. சரியான பதில் எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருந்தது என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது. அதை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் ஊரின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. தொண்டை நாட்டின் வடக்கு ஓரம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் சித்தூர், வடாற்காடு ஜில்லாவின் தலைநகரம். 1911 ஏப்ரல் 1ஆம் தேதி வடாற்காட்டின் சில தாலுகாக்களையும், கடப்பை ஜில்லாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா என்று தனியாக உண்டாக்கினார்கள். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஜில்லா முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டமும், அதன் பிறகு வந்த படாஸ்கர் தீர்ப்பும் பலருக்கு நினைவிருக்கும். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த சத்தியவேடு சித்தூருக்குப் போனது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது 1960ஆம் வருஷத்து மாற்றம். நாங்கள் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இருந்தோம். அம்மாவின் பிறந்தகம் திருத்தணி. ஒரே ஜில்லாவுக்குள் இருந்த பிறந்தகமும் புக்ககமும் ஒரே ராத்திரியில் இரண்டு மாநிலங்கள் ஆயின. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷமும் வைகாசியில் திருத்தணிக்கு ஒரு ஜாடி ஆவக்காய் போயிற்று. அங்கிருந்து வழக்கம்போல வடுமாங்காய் வந்தது.

வெயில் காலத்து வேலை

கோடையில் எங்கள் வீட்டில் நடந்த காரியங்களுக்கு ஒரு பஞ்சாங்கமே போடலாம். மாசி கடைசியில் புதுப்புளி வரும்; கொட்டையும் நாரும் எடுத்து உப்புச் சேர்த்து உருட்டி வைக்கவேண்டும். பங்குனியில் வடு. சித்திரை பிறக்கும் சமயம் வேப்பம்பூவை உதிர்த்துக் காயவைப்பது. கத்திரி வெயிலில் வடாம், கருவடாம், மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல். வைகாசியில் ஆவக்காய், மாவற்றல், தொக்கு. ஆனியில் பழம் அதிகமாகிவிட்டால், சாற்றைப் பிழிந்து பாயில் தடவி, காயக் காய மேலே மேலே தடவி, தகடாக உரித்தெடுப்பார்கள். அதற்குத் தெலுங்குப் பெயர்தான்: தாண்ட்ரா.

இது வெறும் நாக்கு ருசிக்காகச் செய்தது இல்லை. ராயலசீமையை ஒட்டிய வறண்ட நிலம் எங்களுடையது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் வடாற்காடும் கடப்பையும் பட்ட பாடு கொஞ்சமில்லை. மழை தவறிய வருஷத்தில் மார்க்கெட்டுக்குக் காய்கறி வராது; நன்றாகப் பெய்த வருஷத்திலோ ஐப்பசி கார்த்திகையில் வண்டி வராது. அந்த நாலைந்து மாசம் பதினாலு பேர் இருந்த குடும்பத்தைத் தாங்கியது வற்றல் குழம்பும், பருப்புப் பொடியும், ஊறுகாயும்தான். அரிசி இருந்த வீட்டுக்குத்தான் அந்த ஜாடி உதவியது என்பதையும் சொல்லவேண்டும். அரிசியே இல்லாதவர்களுக்கு எந்த ஜாடியும் உதவியிருக்காது.

மிளகாய்க்கு முன்னால்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது. பாணர்கள் போகும் வழியில் ஒரு வேதியர் வீட்டில் கிடைக்கும் சாப்பாட்டை அதில் விவரிக்கிறார். சாதம், வெண்ணெயில் வேகவைத்து மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்த மாதுளம் பிஞ்சு, கூடவே புளிப்பேறிய மாவடு. ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கும் மேல் பழைய பாட்டு. அதில் வரும் தொண்டை நாட்டு வீட்டில் நாம் இன்றைக்குப் போய் உட்கார்ந்தால், வடு ஒன்றாவது நமக்குப் பழகியதாக இருக்கும்.

அந்த வீட்டில் இல்லாதது மிளகாய். போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் செடி அது. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் நம் முன்னோர் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். திருமலைக் கோயில் கல்வெட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. பெருமாளுக்குத் தளிகைக் கட்டளை ஏற்படுத்தியவர்கள் அரிசி, நெய்யமுது, பயற்றமுது, உப்பமுது, மிளகமுது, கறியமுது, தயிரமுது என்று சாமான்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். காரத்துக்கு அங்கே மிளகுதான். ஆகவே நாம் பரம்பரை பரம்பரையாக வந்தது என்று நினைக்கும் சிவந்த ஆவக்காய், நம் சரித்திரத்தில் சமீபத்தில் வந்து சேர்ந்ததுதான். வடுவோ வெகு பழசு.

பெயரைப் பார்த்தாலே ஆவக்காய் எந்தப் பக்கத்தது என்று தெரிந்துவிடும். தெலுங்கில் ஆவ என்றால் கடுகு. கடுகுப் பொடி சேர்த்த காய் ஆவக்காய். எங்கள் வீட்டுக்கு அது எதிராத்துத் தெலுங்கு மாமியிடமிருந்து வந்தது. அந்த மாமிக்கு வடு போடக் கற்றுக்கொடுத்தது எங்கள் வீடு. எந்த வருஷம் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் பிறந்தபோதே இரண்டு வீட்டிலும் இரண்டும் இருந்தன. திருப்பதியில் கோவிந்தராஜ ஸ்வாமி கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சித்தப்பா வீட்டிலிருந்து மாகாளிக் கிழங்கு வரும். மலைக்காட்டில் ஏனாதிகள் தோண்டி எடுத்து வந்து விற்பது. மோரில் ஊறிய அந்தக் கிழங்கின் வாசனை சிலருக்குப் பிடிக்காது, பிடித்தவர்களுக்கு அதில்லாமல் தயிர் சாதம் இறங்காது. வேரோடு தோண்டித் தோண்டி இன்று அது அழிந்துவரும் தாவரங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அத்தைப்பாட்டி

இத்தனை காரியத்தையும் நடத்தியது என் தாத்தாவின் தங்கை. எங்களுக்கு அத்தைப்பாட்டி. கல்யாணமான இரண்டாம் வருஷம், பன்னிரண்டு வயதில், தாலியை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த அடுக்களைதான் அவளுக்கு உலகம். அவளைவிடச் சில வயதே மூத்தவரான சகோதரி சுப்பலட்சுமி, தானும் பாலவிதவையாக இருந்து, 1911இல் பட்டம் பெற்று, சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி ஏற்படுத்திப் படிக்க வைத்தார். அந்த வெளிச்சம் எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் அமலுக்கு வந்ததே 1930இல்தான்.

வீட்டில் கல்யாணம் என்றால் அத்தைப்பாட்டி முன்கட்டுக்கு வரமாட்டாள். ஆனால் பந்தியில் அத்தனை இலையிலும் அவள் போட்ட ஊறுகாய் இருக்கும். அவளுக்கு ஒரு வேளைதான் சாதம். ஏகாதசி சுத்த உபவாசம். ஆவக்காயை அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. போடும்போது நாக்கில் வைத்துப் பார்த்தால் எச்சிலாகிவிடும். அதனால் எல்லாம் மூக்குதான். ஜாடியின் வாய்க்கட்டை அவிழ்த்து ஒரு நிமிஷம் நிற்பாள். "உப்பு இன்னும் ஒரு பிடி கேக்கறது" என்பாள். தப்பினதே இல்லை.

"டேய் அம்பி, ஈரக் கையோட கிட்ட வராதே" என்பதுதான் வைகாசி மாசம் முழுவதும் எங்கள் காதில் விழும் வாக்கியம். அதை மடி என்று நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். மடியும் இருந்தது, அதில் மனசை நோகவைக்கும் விஷயங்களும் இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆனால் ஈரக் கை விஷயத்தில் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நடந்ததைச் சொல்கிறேன். புளிப்பான நாட்டு மாங்காய், உள்ளே ஓடு கட்டியிருக்கவேண்டும். அலம்பித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து நிழலில் ஆறவிடுவார்கள். அருவாமணையில் ஓட்டோடு நறுக்கி, உள்ளே இருக்கும் பருப்பையும் மெல்லிய தோலையும் எடுத்துவிட்டு, மறுபடி துடைப்பது. ஐந்து பங்கு துண்டத்துக்கு மிளகாய்ப் பொடி, கடுகுப் பொடி, உப்பு தலா ஒரு பங்கு. உப்பு கல் உப்பு. வெயிலில் சூடேறக் காய்ந்த பிறகு இடித்துச் சேர்ப்பது. மஞ்சள் பொடி, வெந்தயம், மேலே மிதக்கும்படி நல்லெண்ணெய். மூன்றாம் நாள் அடியிலிருந்து கிளறி, எண்ணெய் குறைந்தால் மேலும் விட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டி வைக்கவேண்டும்.

இதன் உள்ளே இருக்கும் காரணம் இன்று நமக்குத் தெரிகிறது. கெடுக்கும் கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரை அவற்றுக்குக் கிடைக்காமல் இழுத்துக்கொள்கிறது. மாங்காயின் புளிப்பு கொடிய விஷக் கிருமிகளை வளரவிடாது. கடுகின் காட்டத்துக்கும் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு. எண்ணெய் மேலே நின்று காற்றை மறிப்பதால் பூஞ்சணம் பிடிக்காது. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் ஓரளவுதான் தாங்கும். அத்தைப்பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. காரணத்தைச் சொல்லத் தெரியாது, காரியம் தெரியும்.

செக்போஸ்டில் ஒரு நாள்

1960களின் நடுவில் அரிசிப் பஞ்சம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. அப்படி ஒரு கோடையில் நானும் அத்தைப்பாட்டியும் திருத்தணிக்குப் பஸ்ஸில் போனோம். செக்போஸ்டில் ஏறிய ஒருவர் மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, அத்தைப்பாட்டி மடியில் வைத்திருந்த ஜாடியைக் காட்டி, உள்ளே என்ன என்று தெலுங்கில் கேட்டார். தொடக்கூடாது என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, அவளே கட்டை அவிழ்த்தாள். வாசனை பஸ் முழுவதும் பரவியது. அவர் முகம் மாறிப்போனது. "ஆவக்காயா!" என்று சிரித்தார். அத்தைப்பாட்டி அகப்பையால் ஒரு துண்டம் எடுத்து, படாமல் அவர் உள்ளங்கையில் போட்டாள். பஸ் கிளம்பியதும் என்னிடம், "அவாத்திலேயும் இதே வாசனைதான்" என்றாள்.

அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. தமிழா தெலுங்கா என்ற கேள்விக்கு அதுதான் பதில் என்று இப்போது தோன்றுகிறது.

நான் போட்ட ஆவக்காய்

அத்தைப்பாட்டி 1968இல் காலமானாள். அம்மா அவள் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டு, இருந்தவரை போட்டாள். அம்மாவுக்குப் பிறகு கடைப் பாட்டில்தான். சில வருஷங்களுக்கு முன் சென்னையில் என் அடுக்குமாடி வீட்டில் நானே போட்டுப் பார்ப்பது என்று ஆரம்பித்தேன். ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். நானும் கெட்டிக்காரத்தனமாக ஜாடியில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். வெயில் வராத பால்கனி. துடைத்ததும் அரைகுறை. இருபதாம் நாள் திறந்தால் மேலே வெள்ளைப் பூஞ்சணம். அப்படியே கொட்டினேன். அந்த வாசனையை முகர்ந்துகொண்டு குப்பைத் தொட்டி அருகில் நின்றபோது, வீட்டில் கடைசியாக எது செத்துப்போயிற்று என்று புரிந்தது.

குறைக்கவேண்டியது தட்டில், ஜாடியில் அல்ல. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வயதுக்காரர்கள் அதைக் கேட்டே ஆகவேண்டும். ஆகவே ஒரு துண்டத்தை நாலாக்கிச் சாப்பிடலாம். ஜாடிக்கு வேண்டிய உப்பு ஜாடிக்கு வேண்டும்.

மறு வருஷம் சரியாக வந்தது. அதற்கு வழிகாட்ட அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" உதவியது. 1951இல் வெளிவந்த அந்தப் புத்தகம் இல்லாத நம் வீடு அபூர்வம். வெளிநாடு போன பெண்களின் பெட்டியில் எல்லாம் அது போயிற்று. மீனாட்சி அம்மாளும் இளம் வயதில் கணவரை இழந்தவர்தான். சொந்தக்காரர்கள் கடிதம் எழுதிப் பக்குவம் கேட்டுக்கொண்டே இருக்க, புத்தகமாகவே போடு என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தூண்டினார். எழுதியதால் அவர் பெயர் நின்றது. எழுதாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

மாங்காய்க்கும் எல்லை

இன்று சித்தூர்ப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை தோத்தாபுரித் தோப்பு. கிளிமூக்கு, பெங்களூரா என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கலெக்டர் காய் என்றும் பெயர். ஆனி ஆடியில் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. சித்தூரும் கிருஷ்ணகிரியும்தான் நாட்டில் மாங்கூழுக்குப் பெயர்பெற்ற இடங்கள். கூழைக் கிருமி நீக்கிப் பைகளில் அடைத்து வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். அதுவும் கோடை விளைச்சலைக் காப்பாற்றும் வேலைதான், பெரிய அளவில். ஆனால் ஆலை வாங்காவிட்டால் விவசாயிக்கு வேறு கதி இல்லை.

2025இல் அதுதான் நடந்தது. காய் மிகுந்து விலை விழுந்தது. ஆலை 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. ஜூன் மாதத்தில் வெளி மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று தடையும் வந்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போயிற்று. எல்லையில் லாரிகள் நிறுத்தப்பட்ட செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பஸ்தான் ஞாபகம் வந்தது. எங்கள் உள்ளூர் விவசாயியின் கஷ்டம் நிஜம். அந்தப் பக்கத்து விவசாயியின் கஷ்டமும் நிஜம். அன்று அரிசிக்கு எல்லை. இன்று மாங்காய்க்கும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஜில்லா எப்போது பிரிந்தது, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் கெஜட்டில் தேதியோடு இருக்கிறது. இரண்டு பாஷைக்காரர்கள் எதிரெதிர் வீட்டிலிருந்து ஒருவருக்கொருவர் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பது எங்கேயும் இல்லை. அதை வைத்திருந்தவர்கள் பெண்கள். அதிலும் பாதிக்குமேல், வீட்டின் பின்கட்டிலேயே ஆயுசைக் கழித்த அத்தைகளும் பாட்டிகளும். எங்கள் அத்தைப்பாட்டியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் போன பிறகு பழைய ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் அங்கத்தினர்கள் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் கடல் தாண்டியும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஊரின் சரித்திரம் ஜாடி ரூபத்தில் இருந்திருக்கும். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், இந்த வைகாசிக்குள் அவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்தக் காய், எத்தனை படி, யாரிடம் கற்றது, அவர் எந்த வீடு, எந்த பாஷை என்று கேளுங்கள். முதல் பக்கத்தில் சொன்னவரின் முழுப் பெயரை எழுதுங்கள்.

எழுதும்போது கை மட்டும் ஈரமில்லாமல் இருக்கட்டும்.